ஸ்டூல் முதல் தடவையே சரியாக வந்துவிட்டது

செயல்வழி ஆய்வாளர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்ததில்லை என்றால், ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும் சந்தில் இருக்கும் என் வெல்டிங் கடைக்கு ஒரு நாள் வாருங்கள். வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். வருஷம் முழுக்கக் கிடைப்பார்கள் என்றாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் வரத்து அதிகம்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கையில் கோடு போடாத நோட்டு ஒன்று, அதற்குக் கறுப்பு அட்டை, அட்டையைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை, தோளில் துணிப்பை, பைக்குள் காமிரா, காமிராவை நிறுத்தி வைக்க மூன்று கால் ஸ்டாண்டு, காலில் ஷூ. வெல்டிங் கடைக்குள் நாள் முழுக்க ஆராய்ச்சி செய்துவிட்டு வெளியே போகும்போதும் அந்த ஷூ வந்தபோது இருந்த மாதிரியே இருக்கும்.

இவர்கள் கலையும் வடிவமைப்பும் படிக்கிற முதுகலை மாணவர்கள். மற்றப் படிப்புக்காரர்கள் பத்துப் புத்தகத்தைப் பார்த்துப் பதினொன்றாவது புத்தகத்தை எழுதிப் பட்டம் வாங்குகிறார்கள் அல்லவா? இவர்களுக்கு அது செல்லாது. ஒரு பொருளைத் தாங்களே செய்ய வேண்டும். செய்யும்போது எங்கே தப்பு விட்டேன், ஏன் மாற்றினேன், மாற்றியதால் என்ன தெரிந்துகொண்டேன் என்று அன்றன்றைக்கு எழுதி வைக்க வேண்டும். பொருளும் எழுத்தும் சேர்ந்ததுதான் ஆய்வு. இதை முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக நான் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? எழுதி வைக்காததால் ஆஞ்சப்பன் என்ற என் பேருக்குப் பின்னால் எதுவும் போட்டுக்கொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

குறை சொல்லக் கூடாது, உண்மையாகவே செய்கிறவர்களும் வருவதுண்டு. சுசித்ரா என்று ஒரு பெண் வந்தது. மூன்று வாரம் கையுறை போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடித்தது, விரலைச் சுட்டுக்கொண்டது, நாலாவது வாரம் நான் வைத்த வெல்டிங் பற்றை விட நல்ல பற்று வைத்தது. அதன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான் எழுதியிருந்தது, பாவம், எழுத நேரமே கிடைக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்த இனம் வேறு. இவர் கடைக்குள் வந்ததும் முதலில் வெளிச்சத்தைப் பார்ப்பார். பிறகு காமிரா ஸ்டாண்டை நிறுத்துவார். பிறகு என்னை, "அண்ணா, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து வெட்டுங்க" என்பார். நான் வெட்டுவேன், வளைப்பேன், ஒட்டுவேன், உளியால் தட்டிக் கசடு எடுப்பேன். அவர் ஓரமாக நின்று நோட்டில் எழுதுவார். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். 'இன்று என் கைகள் இரும்பின் எதிர்ப்பை உணர்ந்தன' என்று இருந்தது. எந்தக் கை என்று கேட்டேன். "அது மெத்தடாலஜி சாப்டர்ல வரும்ணா" என்றார்.

அப்படிச் சொன்னவர் மோகன்குமார். சேலத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர், டீ வாங்கிக் கொடுக்காமல் ஒரு நாளும் போனதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் போகிற வழியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு நல்ல தலைப்பு: நின்றே வேலை செய்கிறவர்களுக்கு ஓர் இருக்கை.

இங்கே நின்றே வேலை செய்கிறவர்களுக்கா பஞ்சம்? வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைக் கட்டுகிற கம்பெனி ஒன்றில் பவளம் என்ற பெண் அவருக்குக் கிடைத்தது. சாத்தூர்ப் பக்கத்துக்காரம்மா, மத்திகிரியில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். பலகை முன்னால் எட்டு மணி நேரம் நின்று ஒயர் கட்ட வேண்டும். ஆறு வருஷமாகக் கட்டியதில் இரண்டு கெண்டைக் காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. நாள் பூராவும் நிற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். உட்கார்ந்தால் பலகையின் மேல் வரிசை எட்டாது, நின்றால் கால் தாங்காது. கான்ட்ராக்டில் இருக்கிற பெண்ணுக்கு வேறு வேலை மாற்றிக் கொடுக்கிற வழக்கமும் அங்கே கிடையாது.

பொங்கல் முடிந்த வாரம் மோகன்குமார் அந்த அம்மாவைக் கடைக்கு அழைத்து வந்தார். கையில் பதினெட்டு வரைபடம் வைத்திருந்தார். அவர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பவளம் என் வேலை மேஜையின் முனையில் இடுப்பை ஒட்டிச் சாய்ந்து நின்றது. உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

"இந்தா, இந்த ஒசரந்தாண்ணே. இப்படி ஒரு முட்டுக் குடுத்தாப் போதும்" என்றது.

அளவு எடுத்தேன். ஒன்றேகால் அங்குல பைப்பில் மூன்று கால், முன்பக்கம் கொஞ்சம் சரிந்த மாதிரி ஒரு தட்டு, அதன் மேல் பழைய ஸ்கூட்டர் சீட்டின் ஃபோமும் ரெக்சினும். ஒன்றரை நாள் வேலை. கல்லூரி கொடுத்த கடிதத்தோடு திங்கட்கிழமை அது கம்பெனிக்குள் போயிற்று. சூப்பர்வைசர் சிவராஜ் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பவளம் கடைக்கு வந்து, "அண்ணே, ஒரு வாரமா நைட்டு காலுக்குத் தைலம் தேய்க்கல" என்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மோகன்குமார் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

நீங்கள் என்னைப் போல விவரம் தெரியாதவராக இருந்தால், செய்த பொருள் வேலை செய்தால் ஆய்வு வெற்றி என்று நினைப்பீர்கள். அங்கேதான் தப்பு. முதல் தடவையே சரியாக வந்துவிட்டால் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? மாற்றவில்லை என்றால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? எழுதவில்லை என்றால் ஆய்வு எங்கே இருக்கிறது? அவருடைய கைடு ராஜலட்சுமி மேடம் போனிலேயே கேட்டுவிட்டாராம்: "ஃபர்ஸ்ட் புரோட்டோடைப்பே வொர்க் ஆயிடுச்சா? அப்ப உங்க ஃபெயிலியர் எங்க, மோகன்? குறைஞ்சது மூணு இட்டரேஷனாவது வேணும்." அதாவது மூன்று தடவையாவது செய்து, தப்பாகி, மாற்றியிருக்க வேண்டும். ஊரெல்லாம் தோற்றுவிட்டோமே என்று அழுகிறது. இந்தப் பையன் தோற்க முடியவில்லையே என்று என் கடை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

டீக்கடைச் சென்னப்பன் கூடப் பதறிப்போய், "இன்னாப்பா ஆச்சு, ஊட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லயா?" என்று விசாரித்தார்.

இல்லை, ஸ்டூல் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன்.

மறுநாள் அவர் தெளிந்துவிட்டார். பவளத்திடம் போய், போட்டோ எடுக்க இரண்டே நாள் வேண்டும் என்று சொல்லி ஸ்டூலை வாங்கி வந்தார். அதன் அடியில் 'புரோட்டோடைப் 4', அதாவது நாலாவது மாதிரி, என்று ஒரு லேபிள் ஒட்டினார். பிறகு என்னிடம் வந்து, "அண்ணா, ஒண்ணு, ரெண்டு, மூணு செஞ்சு குடுங்க. மூணும் சரியா வரக் கூடாது" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ ஆர்டர் பார்த்திருக்கிறேன். சரியாக வரக் கூடாது என்று ஒருவரும் கேட்டதில்லை. செய்ய மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கெடுப்பதில் என்ன பெரிய சிரமம் என்று ஒரு மிதப்பு. செய்து பார்த்தால்தான் தெரிகிறது, கை பழகிய பிறகு மோசமாகச் செய்வது லேசான காரியமில்லை. ஒன்றாவது மாதிரியை நாலு அங்குலம் உயரமாகச் செய்தேன். மோகன்குமார் உயரமான ஆள், சாய்ந்து பார்த்துவிட்டு, "சே, நல்லாத்தான் இருக்கு" என்று வருத்தப்பட்டார். அறுத்து ஒரு காலைக் குட்டையாக்கினேன். இரண்டாவதை வேண்டுமென்றே ஆடுகிற மாதிரி செய்தேன். டீக்கடைச் சென்னப்பன் அதில் சாய்ந்து ஆடிக்கொண்டே ஒரு டீ குடித்துவிட்டு, இதைத் தனக்கே கொடுத்துவிடச் சொன்னார். மூன்றாவதுதான் ஒழுங்காக அமைந்தது. மோகன்குமார் சாய்ந்தார், கால் விலகியது, மல்லாந்து விழுந்தார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அண்ணா, கிடைச்சிடுச்சு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்புறம் நோட்டு. ஜூன் மாதத்திலிருந்து டிசம்பர் வரை அன்றன்றைக்கு எழுதியிருக்க வேண்டிய குறிப்புகளை ஒரே வாரத்தில், என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வேறு பேனாக்களால் எழுதினார். 'இன்று குழப்பமாக இருக்கிறது' என்று ஆகஸ்டில் எழுதினார். 'ஏதோ ஒரு வெளிச்சம்' என்று அக்டோபரில். நவம்பர் பக்கங்களில் சென்னப்பன் கடை டீயைக் கொஞ்சம் ஊற்றிக் காயவைத்தார். பார்த்தால் பழசாகத் தெரிய வேண்டுமாம். அவர் எழுத எழுத நான் பக்கத்தில் மூன்று பழைய தோல்விகளுக்கு உப்புத் தண்ணீர் தெளித்துத் துருப் பிடித்த மாதிரி தோற்றம் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் செய்தேன்.

இரண்டு நாள் என்று வாங்கிய ஸ்டூல் ஐந்து வாரமாகத் திரும்பவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: ஏனய்யா, பைப்பும் ரெக்சினும் உன்னிடம்தானே இருக்கிறது, அந்த அம்மாவுக்கு இன்னொன்று செய்து கொடுத்தால் என்ன? செய்தேனே. ஒரே நாளில் செய்து கொடுத்தேன். கேட்டில் செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கம்பெனிக்குள் ஒரு ஸ்பேனர் போக வேண்டும் என்றாலும் காகிதம் வேண்டும். முதல் ஸ்டூல் உள்ளே போனது கல்லூரிக் கடிதத்தின் பேரில்; மோகன்குமார் அதை வெளியே எடுத்த அன்றே அந்தக் கடிதத்தில் 'முடிந்தது' என்று சீல் அடித்துவிட்டார்கள். புதுக் கடிதத்தில் கைடு கையெழுத்துப் போட வேண்டும். கைடோ, வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து தீசிஸ் ஏற்கப்பட்ட பிறகுதான் போடுவாராம். நடுவில் ஸ்டூல் உள்ளே போய்விட்டால் ஆய்வின் வரிசை கெட்டுவிடுமாம்.

அதனால் பவளம் பழையபடி நின்றது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கடைக்கு வந்து என்ன ஆயிற்று என்று கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகன்குமாரே கடையில் இருந்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும் ஓடிப் போய்க் காமிராவை நிறுத்தினார்.

"அக்கா, ஸ்டூல் இல்லாத இந்தப் பீரியடை எப்படி ஃபீல் பண்றீங்க?"

"காலு வலிக்குது தம்பி."

"அத இன்னும் கொஞ்சம் விரிவாச் சொல்ல முடியுமா?"

பவளம் குனிந்து தன் காலைப் பார்த்தது. "ரெண்டு காலும் வலிக்குது" என்றது.

அவர் எழுதிக்கொண்டார். பேட்டி முடிந்த பிறகுதான் கவனித்தேன், பெஞ்சில் அவருடைய பை, ஸ்டாண்டு, நோட்டு எல்லாம் உட்கார்ந்திருந்தன; அந்த அம்மா இருபது நிமிஷமும் நின்றுகொண்டே பதில் சொல்லியிருந்தது. நானும் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் இரண்டாவது வாரம் சிவராஜ் சொல்லிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "பவளம், உன் பலகையில வேல தேங்கி லைன் டவுன் ஆகுதும்மா. திங்கக்கெழம வரைக்கும் பாக்கறேன், அதுக்கும் முடியலன்னா கான்ட்ராக்டர் கிட்ட வேற ஆள் கேக்கறதத் தவிர வழி இல்ல." அதற்கு முந்தின சனிக்கிழமை மோகன்குமாரின் கண்காட்சியும் வைவாவும். பவளத்துக்கு அழைப்பிதழ் வந்திருந்தது. அதில் 'இணைப் படைப்பாளர்' என்று போட்டிருந்தது. அந்த அம்மா சம்பளத்தில் ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி லீவு போட்டது, நான் கடையைப் பூட்டினேன், இருவரும் பெங்களூர் பஸ் ஏறினோம்.

பெரிய ஹால். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை. சுவரில் ஆள் உயரத்துக்குப் பவளத்தின் கால்கள். முகம் இல்லை, கால்கள் மட்டும். துருப் பிடிக்க வைத்த என் மூன்று தோல்விகள் கம்பியில் தொங்கின. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் மேல் நாலாவது மாதிரி, அதன் முன்னால் 'தொட வேண்டாம்' என்று ஒரு பலகை. இருக்கை பற்றிய அந்தக் கண்காட்சியில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. இருந்தால் பார்வை கெடும் என்று எடுத்துவிட்டார்களாம்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கைடு மேடம், இன்னும் ஏழெட்டு ஆசிரியர்கள் எல்லோரும் நின்றார்கள். மோகன்குமார் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். உடல், வெளி, உழைப்பு, எதிர்ப்பு. என் பெயர் 'உள்ளூர்த் தொழில்நுட்ப ஆதரவு' என்று ஒரு தடவை வந்தது. தேர்வாளர் கடைசியில் தாடையைத் தடவிக்கொண்டு, ரிஃப்ளெக்‌ஷன் இன்னும் ஆழமாக இருக்கலாம், பயனாளியின் குரல் போதவில்லை, சின்னத் திருத்தம் செய்துவிட்டு மூன்று வாரத்தில் கொடுங்கள் என்றார். பயனாளி அவருக்கு ஆறடி தூரத்தில், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தது.

"மூணு வாரமா?" என்று பவளம் என்னைக் கேட்டது. "அப்ப லெட்டரு?"

அந்த அம்மா நேரே போய்ப் பலகையை எடுத்துத் தரையில் வைத்தது. ஸ்டூலைத் தூக்கப் பார்த்தது, பெட்டி உயரமாக இருந்ததால் முடியவில்லை. நான் போய் ஒரு கை கொடுத்தேன். இறக்கி வைத்ததும் அதில் சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது.

"பிரமாதம்!" என்றார் தேர்வாளர். நாலு பேர் கை தட்டினார்கள். எல்லோரும் போனை எடுத்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

பவளம் அவர்கள் படம் எடுத்து முடிக்கும் வரை காத்திருந்தது. பிறகு சொன்னது: "மேடம், லெட்டர் குடுங்க. ஸ்டூல் கூட வேணாம், அண்ணன் வேற செஞ்சு வச்சிருக்காரு. கையெழுத்துப் போட்ட லெட்டர் மட்டும் குடுங்க."

"அதுக்குன்னு ஒரு புரொசீஜர் இருக்கும்மா. கரெக்‌ஷன் முடிஞ்சதும் நானே—"

"எனக்குத் திங்கக்கெழம வேல போயிரும் மேடம். நீங்க குடுக்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். அவசரமில்ல, நிதானமாக் குடுங்க. இதுல உக்காந்தா எனக்கு வலிக்கிறதே இல்ல."

தேர்வாளர் அந்த ஸ்டூலைத் திருப்பி அடியில் ஒட்டிய லேபிளைப் பார்த்துத்தான் மார்க் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு எட்டரைக்கு விமானம். ஹாலை நாலு மணிக்குப் பூட்ட வேண்டும். மேடம் விதிகளைச் சொன்னார். ஆசிரியர்கள் மூலையில் போய்க் கூடிப் பேசினார்கள். மோகன்குமார் கெஞ்சினார், "அக்கா, ப்ளீஸ்" என்று நிஜமாகவே கண் கலங்கினார். இத்தனை நாளில் நான் அவரிடம் பார்த்த முதல் உண்மையான குழப்பம் அதுதான், அதை அவர் நோட்டில் எழுதவில்லை. பவளம் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நாற்பது நிமிஷம். எதற்காக அந்த ஸ்டூலைச் செய்தோமோ அந்தச் சோதனை அன்றைக்குத்தான் முழுசாக நடந்தது. நின்றுகொண்டிருந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவராகச் சுவரில் சாய்ந்தார்கள், பிறகு தரையில் குந்தினார்கள். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துக்கொண்டார். மூன்றே முக்காலுக்கு, "நின்னு நின்னு எனக்கே முடியலம்மா, இரு" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போய், லெட்டர்ஹெட்டில் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொண்டு வந்து கொடுத்தார்.

பவளம் அதை இரண்டு தடவை படித்தது. தேதி சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னது. பிறகு எழுந்தது.

திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டுக்கு நான் செய்த இன்னொரு ஸ்டூல் கேட்டுக்குள் போயிற்று. இன்றைக்கு வரை உள்ளேதான் இருக்கிறது, பவளமும் இருக்கிறது. மோகன்குமாருக்கு முதல் கிரேடு. திருத்திய தீசிஸில் ஒரு பிரதி எனக்கும் கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'பயனாளியின் எதிர்ப்பை வெளிக்கொணரும் பொருட்டு, இருக்கை திட்டமிட்டே ஐந்து வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்டது.' பக்கத்தில் படம், பவளத்தின் கால்கள். கீழே, 'ஐந்தாவது இட்டரேஷன்'.

சிரிக்கிறீர்களா? இருங்கள். குழந்தைக்குப் பசி எடுத்துத் தட்டைத் தட்டிக்கொண்டிருக்கும்போது புது தோசையை மூன்று கோணத்தில் படம் எடுத்தது நீங்கள் இல்லையே? அம்மாவுக்கு வாங்கி வந்த பிரஷர் பார்க்கும் மிஷினின் கையேட்டை அரை மணி நேரம் உரக்கப் படித்து விளக்கியது, அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றாமலேயே விளக்கியது, நீங்கள் இல்லையே? தெருக் குழாய் உடைந்ததற்கு வாட்ஸப் குழு ஆரம்பித்து, குழுவுக்கு நல்ல பெயர் வைப்பது பற்றி நாலு நாள் பேசியவர் யார்?

நான் மட்டும் என்ன. இவ்வளவையும் உட்கார்ந்து எழுதுகிறேன், கேட்டுக் கீல் உடைந்த ஒருவர் முக்கால் மணி நேரமாகக் கடை வாசலில் வெயிலில் நிற்கிறார். போகிறேன். நீங்களும் இதைக் கீழே வைத்துவிட்டு உங்கள் வீட்டில், ஆபீசில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்களுக்காக யாராவது நின்றுகொண்டிருந்தால், தயவுசெய்து குறிப்பு எடுக்காதீர்கள்.